தட்டு போகும் தூரம்: புதுச்சேரிக் கிறிஸ்துமஸில் வீட்டுப் பலகாரத்தின் சமூக வரலாறு

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடும் பகுதியில் இருக்கும் மீனவர் ஊர் வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மனின் ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆடி மாதத்தின் ஐந்தாம் வெள்ளியன்று அங்கே தேர் ஓடும். பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநரே வந்து வடம் பிடிப்பது வழக்கம். இன்று அந்த இடத்தில் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் நிற்கிறார்கள். கிறிஸ்தவரான ஓர் ஆளுநர் அம்மன் தேரின் வடத்தைத் தொட்டதை ஆட்சியாளரின் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அடுத்தவர் திருவிழாவில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் இந்தக் கரையில் ஆளுநர் மாளிகையோடு நிற்கவில்லை. டிசம்பர் மாதத்துச் சமையலறைகளில் அது வேறு வடிவில் வேலை செய்கிறது.

அந்த எண்ணத்தின் வரலாற்றைத்தான் இக்கட்டுரை தேடுகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றில் ஏறக்குறைய 6 பேர் கிறிஸ்தவர்கள்; 87 பேர் இந்துக்கள். இவ்வளவு சிறிய சமூகத்தின் பண்டிகை ஊர்ப் பண்டிகையாக எப்படி மாறியது? கோயில் மணியாலும் குருமாராலும் என்று சொல்வது எளிது. வீட்டில் சுட்ட பலகாரம் தட்டில் ஏறித் தெருவைக் கடந்ததற்கே இதில் பெரிய பங்கு என்பது என் வாதம். அந்தத் தட்டு எங்கே போனது, எங்கே போகாமல் நின்றது என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

மேட்டின் மேல் ஒரு குருமடம்

வீராம்பட்டினத்தை ஒட்டிய அரிக்கமேட்டை நாம் ரோமானிய வணிகத்தின் தடயமாகவே படித்திருக்கிறோம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய மட்கலங்களும், மதுவும் எண்ணெயும் வந்த ஜாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. அதே மேட்டில், தென்னைகளுக்கு நடுவே, ஒரு செங்கல் கட்டடத்தின் சுவர்கள் நிற்கின்றன. அவை ரோமானியர் காலத்தவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் ஒரு குருமடத்தின் எச்சம்.

அந்தக் குருமடத்தின் கதை இன்றைய தாய்லாந்தான சீயத்தில் தொடங்குகிறது. பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபை கீழை நாடுகளின் இளைஞர்களைக் குருக்களாகப் பயிற்றுவிக்க 1660களில் அந்நாட்டின் அயுத்தயா நகரில் ஒரு கல்லூரி நிறுவியது. பர்மியப் படையெடுப்பால் அது கம்போடியக் கடலோரத்துக்கு இடம்பெயர்ந்தது, அங்கும் தாக்கப்பட்டது. தப்பிய மாணவர்களோடு அதன் தலைவர் பிஞோ தெ பெகேன் மலாக்கா வழியாகப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1770 வாக்கில் வீராம்பட்டினத்தருகே குருமடம் மீண்டும் எழுந்தது. சீன, வியட்நாமிய, சீய இளைஞர்கள் தமிழ் மீனவர்களின் பக்கத்தில் குடியிருந்து இலத்தீன் படித்தார்கள். வியட்நாமியத் துணைவர்களோடு பிஞோ தொகுத்த வியட்நாமிய - இலத்தீன் அகராதியும் இக்காலத்து உழைப்புதான். 1774இல் அவர் மயிலாப்பூர்ச் சாந்தோமில் ஆயராகத் திருநிலை பெற்று, பிறகு கீழ்த்திசைக்குத் திரும்பினார். 1780களின் தொடக்கத்தில் குருமடம் மூடப்பட்டது. அதன் மரபு பின்னர் பினாங்கில் தொடர்ந்தது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சர்வதேசக் கத்தோலிக்க நிறுவனம் இங்கே இயங்கியிருக்கிறது. ஆயினும் வீராம்பட்டினம் அம்மன் ஊராகவே நீடித்தது. நிறுவனம் எத்தனை வலியதாக இருந்தாலும் அதனால் மட்டும் ஒரு பண்டிகை ஊருக்குள் இறங்கிவிடாது. அதற்கு வீடு வேண்டும்; வீட்டில் அடுப்பு வேண்டும்; அடுத்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் வேண்டும்.

1745: ஒரு விருந்தும் ஒரு சுவரும்

கொடுக்கல் வாங்கல் எளிதாக அமைந்துவிடவில்லை என்பதற்கு, அக்காலப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சான்று. 1745ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இரண்டு செய்திகளை அவர் பதிந்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, நகரிலுள்ள சம்பா கோவிலைப் பற்றியது. கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு குறுக்குச் சுவர் இருந்தது. ஒடுக்கப்பட்ட தரப்பினர் முறையிட, அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒரே பலிபீடத்தின் முன் முழந்தாளிட்டவர்களுக்கு இடையே சுவர் எழும்பியதும், அதை இடித்தது கலகமானதும் இவ்வூர்த் திருச்சபையின் மறைக்க முடியாத பக்கங்கள்.

இரண்டாவது, ஒழுகரையில் நடந்த விருந்து. பிரெஞ்சு நிர்வாகத்தின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, இருந்த கனகராய முதலியார் கத்தோலிக்கர். இறந்துபோன மகனின் நினைவோடு அவர் அங்கே புனித அந்திரேயா பேரில் கோயில் எழுப்பினார். நவம்பர் 30, அந்தப் புனிதரின் திருநாள். அன்று சாதி மத வேறுபாடின்றி ஊரையே அழைத்தார். ஆளுநர் டூப்ளேயும் வந்தார். ஆனால் சமையல் ஒன்றாக நடக்கவில்லை: பிராமணர்க்குப் பிராமணர் சமைத்தனர், மற்றவர்க்கு அவரவர் வழக்கப்படி தனித்தனி ஏற்பாடு, ஐரோப்பியர்க்கு மேசை. அழைப்பு எல்லோருக்கும் போனது. அடுப்போ சாதிவாரியாகப் பிரிந்து எரிந்தது.

அந்தக் காலத்தில் எல்லோரையும் விருந்துக்கு அழைக்க வேறு வழி இருக்கவில்லை. கனகராய முதலியார் செய்தது சமரசம். சோறு என்பது யார் கை பட்டது என்ற கேள்வியோடு பிணைந்தது. அந்தக் கேள்வியை அவர் ஒழிக்கவில்லை. ஆட்களை அமர்த்தி, செலவழித்துச் சுற்றிக்கொண்டு போனார். செல்வர் ஒருவரால் அது முடியும். சாதாரணக் குடும்பம் என்ன செய்யும்?

சோறு போகாத இடத்துக்குப் பலகாரம்

சாதாரணக் குடும்பத்துக்கு வழிவிட்டது எண்ணெய்ச் சட்டி. தமிழ்ச் சமூகத்தின் பழைய உணவு விதிகளில் தண்ணீரில் வெந்த சோற்றுக்கு இருந்த கட்டுப்பாடு எண்ணெயிலோ நெய்யிலோ வெந்த பண்டத்துக்கு அவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை. முறுக்கும் அதிரசமும் பல நாள் கெடாது. தட்டில் வைத்து மூடி எடுத்துப் போகலாம். வாங்கியவர் அப்போதே தின்ன வேண்டியதில்லை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் முகம் கோணாமல் இருக்க இந்த அவகாசம் உதவியது. தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து வரும், கிறிஸ்துமஸுக்கு இவர்கள் வீட்டிலிருந்து போகும், பொங்கலுக்கு மீண்டும் வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு கை சர்க்கரையோ இரண்டு பழமோ வைத்துத்தான் கொடுப்பார்கள். மூன்று பண்டிகைகளும் மூன்று மாதத்துக்குள் அடுத்தடுத்து வருவதால், தட்டு ஓரிடத்தில் அதிக நாள் தங்குவதில்லை.

இந்தப் பலகாரங்களின் பிறப்பிடத்தைப் பார்த்தால் கடலும் வயலும் கலந்திருப்பது தெரியும். அதிரசம் முழுக்க முழுக்க நம்மூர்ச் சரக்கு. பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் முழுதும் போகாமல் நிழலில் உலர்த்தி இடித்து, வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் இறக்கிக் கலக்க வேண்டும். மாவு இரண்டு மூன்று நாள் இருந்தால்தான் மென்மை வரும். பாகு முற்றினால் கல்லாகும், இளகினால் எண்ணெயில் பிரிந்துவிடும். அச்சுமுறுக்கின் கதை வேறு. பூ வடிவ இரும்பச்சை எண்ணெயில் சூடாக்கி மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறைக்கு ஐரோப்பாவில் உறவினர்கள் உண்டு. இங்கு வந்ததும் கோதுமை மாவின் இடத்தில் அரிசிமாவும், பசும்பாலின் இடத்தில் தேங்காய்ப்பாலும் ஏறின, எள்ளும் சேர்ந்தது. கல்கல் போர்த்துக்கீசியச் செல்வாக்குள்ள மேற்குக் கரையிலிருந்து வந்து பரவியது. சிறு உருண்டையைப் புதுச் சீப்பின் மேலோ முள்கரண்டியின் முதுகிலோ அழுத்திச் சுருட்டும் அந்த வேலை பெரும்பாலும் பிள்ளைகளுடையது. ஒரு வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே பாயில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் இன்று அதிகமில்லை. கல்கல் அவற்றில் ஒன்று.

புதுச்சேரிக்கே உரிய கேக் விவிக்கம். மைதாவை நம்பாமல் ரவையில் நிற்பது அது. வெண்ணெய், முட்டை, சர்க்கரை, முந்திரி, ரம்மில் ஊறிய உலர் திராட்சை எல்லாம் அதில் சேரும். பிரெஞ்சு மேசையின் பழக்கமும் தமிழ் அடுக்களையின் ரவையும் சந்தித்த இடம் என்று அதைச் சொல்லலாம். வீட்டில் அடுமனை அடுப்பு இல்லாத காலத்தில் தென்னிந்தியக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவும் கலந்த மாவை ரொட்டிக் கடைக்குத் தூக்கிச் சென்று சுட்டு வாங்கி வந்தன. ரொட்டி சுடுவதில் பெயர்பெற்ற புதுச்சேரியில் இதற்குத் தட்டுப்பாடு இருந்திருக்காது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மற்றொரு துண்டான மாஹேயை ஒட்டியும் இதே போக்கைக் காட்டும் கதை ஒன்று வழங்குகிறது. 1883இல் தலசேரியில் மம்பள்ளி பாபு என்ற ரொட்டிக் கடைக்காரரிடம் தோட்ட உரிமையாளர் மர்டாக் பிரவுன் ஒரு கிறிஸ்துமஸ் கேக் செய்யச் சொன்னாராம். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கவும் சொன்னாராம். பாபுவோ முந்திரிப் பழத்திலும் கதலி வாழையிலும் காய்ச்சிய உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் என்பது கதை. செய்முறை கப்பலில் வரலாம். கைக்கு எட்டியதைக் கொண்டு அதை நிறைவேற்றும்போதுதான் பண்டம் ஊர்க்காரனாகிறது.

ஒருசந்தியும் குடிலும்

பலகாரம் வெறும் தீனி ஆகிவிடாமல் காத்தது பக்தி ஒழுங்கு. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமும் கட்டாயம்: ஒரே வேளைச் சாப்பாடு, இறைச்சி கூடாது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் தளர்த்தும்வரை இதுவே பொது விதி. இதன் பொருளை அடுக்களையிலிருந்து பார்க்க வேண்டும். டின் நிறையப் பலகாரம் இருக்கும், வீடெல்லாம் நெய் மணக்கும், ஆனால் தின்னக் கூடாது. நடுச்சாமப் பூசை முடிந்து வீடு திரும்பிய பிறகே டின் திறக்கும். விடிந்தால் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். பசித்திருந்து பண்டிகைக்குள் நுழைவது உணவுக்கு ஒரு கனம் கொடுத்தது. இன்று சட்டம் தளர்ந்தாலும் பாலனுக்கு முன் பலகாரம் தொடக்கூடாது என்று கண்டிக்கும் பாட்டிமார் இருக்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழையின் வால்பகுதி டிசம்பரில்தான் விழும். மாவு உலராது, முறுக்கு நமுத்துப்போகும், மூடி இறுகாத டின் ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிடும். வெயில் எட்டிப் பார்க்கும் நாளைப் பிடித்து மாவிடித்து வைப்பது பழைய குடும்பங்களின் திருவருகைக்காலக் கணக்கு. நோன்பும் மழையும் சேர்ந்தே இந்தப் பண்டிகையின் வேலை அட்டவணையை வகுத்தன.

வீட்டில் கையால் செய்யப்படும் மற்றொன்று குடில். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் மாடும் வைக்கோலும் வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். அங்கிருந்து பரவிய வழக்கம் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் முளைப்பாரியின் நிலத்தில் வேர் பிடித்தது. தட்டிலும் கொட்டாங்கச்சியிலும் கேழ்வரகோ நெல்லோ விதைத்து, பச்சை எழும்பியதும் குடிலைச் சுற்றி வைப்பார்கள். அதுதான் பெத்லகேம் வயல். வீட்டுச் சுரூபங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியிலிருந்து வெளிவரும். கை ஒடிந்த இடையனையும் தூக்கி எறிவதில்லை. குடிலின் நடுவிடம் 24 இரவு வரை காலியாக இருக்கும். பூசைக்குப் பிறகு வீட்டின் இளையவரோ மூத்தவரோ பாலனை அங்கே கிடத்துவார். செபம் சொல்லி எல்லோரும் முத்தி செய்வார்கள். புதுச்சேரியின் வில்லியனூர் சுடுமண் வேலையும் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலையும் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில்கள். களிமண்ணும் காகிதமும் பொம்மையாகும் ஊர்களை அருகில் வைத்திருக்கும் நகரத்துக்குக் குடில் அந்நியமாகத் தெரிய வாய்ப்பில்லை.

பரிசு என்றால் இவ்வீடுகளில் முதலில் வருவது புத்தாடை, அடுத்து பெரியவர் கையால் கிடைக்கும் காசு, அதற்கடுத்துப் பலகாரத் தட்டு. வண்ணத்தாளில் சுற்றிய பொட்டலம் பிற்காலத்து வரவு. 1954இல் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறி, 1962இல் அதற்கான ஒப்பந்தம் முழுச் சட்டவலுப் பெற்றபோது பல குடும்பங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தன. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் டிசம்பரில் ஊருக்கு வரும்போது சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் பெட்டியில் வரும். திரும்பும்போது முறுக்கும் அதிரசமும் பெட்டியில் போகும். இரண்டில் எது அதிகம் எதிர்பார்க்கப்படுகிறது என்று வீட்டு அம்மாக்களைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

தட்டு நிற்கும் இடங்கள்

இதுவரை சொன்னது இனிப்பான பக்கம். தட்டின் பாதையை வரைபடமாக வரைந்தால் வேறு சிலவும் தெரியும்.

ஒன்று, தட்டில் ஏறுவதும் ஏறாததும். சைவ உணவுக்காரர் வீட்டுக்குப் போகும் தட்டில் முட்டை சேர்ந்த கேக்கோ அச்சுமுறுக்கோ இருக்காது. முறுக்கு, அதிரசம், வாழைப்பழம் என்றுதான் அடுக்குவார்கள். கேக் வைப்பதானால் முட்டையில்லாதது என்று சொல்லியே கொடுப்பார்கள். அடுத்த வீட்டின் வயிற்றை மதிக்கும் பண்பு இது. அதே சமயம், இன்னார் வீட்டில் இன்னதுதான் செல்லும் என்ற பழைய கணக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கிறது என்பதற்கும் இதுவே அடையாளம்.

இரண்டு, தட்டு எந்தத் தெருவிலிருந்து புறப்படுகிறது என்பது. நகரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தின் அதிரசத்தை மனமார வாங்கும் வீடு, தலித் கிறிஸ்தவக் குடியிருப்பிலிருந்து வரும் அதே அதிரசத்தை அதே மனத்தோடு வாங்குகிறதா? சம்பா கோவிலுக்குள் சுவர் இடிந்து ஏறக்குறைய 280 ஆண்டுகள் ஆகின்றன. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் கல்லறைத் தோட்டம் தொடங்கித் தேர் போகும் தெரு வரை சாதி பற்றிய சண்டை திருச்சபைக்குள்ளேயே ஓய்ந்துவிடவில்லை. மதம் கடந்து போகும் தட்டு சில நேரம் சாதியைக் கடக்க முடியாமல் நிற்கிறது. மத நல்லிணக்கத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

மூன்று, யாருடைய உழைப்பு. மாவிடித்தது, பாகு காய்ச்சியது, எண்ணெய்ச் சூட்டில் நின்றது எல்லாம் பெண்கள். ஒருசந்தி நாளிலும் அடுப்பை விட்டு அகல முடியாதவர்கள் அவர்கள். வீட்டுப் பலகாரத்தின் அருமையைப் பேசும்போது அந்த நாட்களின் முதுகுவலியையும் சேர்த்துப் பேசவேண்டும். அதிரசப் பதத்தையும் விவிக்கத்தின் அளவையும் அவர்கள் நோட்டில் எழுதிவைத்தது குறைவு; கையில் வைத்திருந்தது அதிகம். லூர்து திருவான்சியம்-லூயியின் 'தி பாண்டிச்சேரி கிச்சன்' போன்ற நூல்கள் அந்தக் கை அறிவின் ஒரு பகுதியை அச்சேற்றியிருக்கின்றன. ஆனந்தரங்கர் ஆளுநர் மாளிகையை எழுதியதுபோல அடுக்களையை எழுத அன்று யாரும் இல்லை. இனியாவது எழுத வேண்டும்.

டிசம்பர் 26

வீராம்பட்டினத்துக்கு டிசம்பர் என்றால் மற்றொரு தேதியும் உண்டு. 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. மறுநாள் காலை சுனாமி. நகரத்தின் பிரெஞ்சுக்கால முகப்பைக் கடற்கரைக் கல்லணை ஓரளவு காத்தது. அணையில்லாத மீனவக் குப்பங்கள் தாக்குண்டன. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த யாத்திரிகர் பலர் மாண்டனர். அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் 26ஆம் தேதி வீராம்பட்டினம் கரையில் கடலில் பாலூற்றிப் பூத்தூவி அஞ்சலி செய்கிறார்கள். முதல் நாள் பண்டிகை, மறுநாள் நினைவேந்தல் என்று இந்தக் கடற்கரையின் நாட்காட்டியில் இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் ஏறிவிட்டன. பேரிடரின் முதல் நாட்களில் கடலோரத் தமிழகமெங்கும் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று பாராமல் மக்கள் ஒதுங்கினார்கள். பொதுச் சமையலில் பந்தி நடந்தது. 1745இல் கனகராய முதலியாரால் முடியாத ஒரே அடுப்பு, பேரழிவின் நிர்ப்பந்தத்தில் சில நாட்களுக்கு எரிந்தது. நிர்ப்பந்தம் நீங்கிய பிறகும் எரிகிறதா என்பதுதான் கேள்வி.

கடைப் பெட்டியும் வீட்டுத் தட்டும்

இன்று பல வீடுகளில் மாவிடிப்பதில்லை. இனிப்பகத்தில் சொல்லிவைத்து அரைக்கிலோப் பெட்டிகளை வாங்கி அண்டை வீடுகளுக்கும் அலுவலகத்துக்கும் கொடுக்கிறார்கள். பழமை போய்விட்டது என்று இதற்காக வருந்துவது வழக்கம். நான் அவ்வளவு எளிதாக வருந்த மாட்டேன். கடைப் பெட்டி பெண்களின் முதுகைக் கொஞ்சம் ஆற்றுகிறது. மேலும் அதில் யார் கை பட்டது என்ற கேள்விக்கு இடமில்லை. முத்திரையிட்ட பெட்டியை எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுத் தட்டு போகாத இடத்துக்கும் அது போய்விடுகிறது.

அதனாலேயே அது எதையும் நிரூபிப்பதில்லை. பெட்டியை வாங்குபவர் கடையை ஏற்கிறார். கொடுத்தவரின் அடுப்பை ஏற்றாரா என்று அதிலிருந்து தெரியாது. வீட்டில் சுட்ட அதிரசத்தை வாங்கி, கொடுத்தவர் முன்னாலேயே பிட்டு வாயில் போடுபவர் அந்த வீட்டின் தண்ணீரையும் பாத்திரத்தையும் கையையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறார். இவ்வூரில் கிறிஸ்துமஸ் எவ்வளவு தூரம் ஊர்ப் பண்டிகை ஆகியிருக்கிறது என்று அளக்க விரும்பும் ஆய்வாளர், நள்ளிரவுப் பூசைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தக் கூடாது. எந்தத் தெருவின் வீட்டுப் பலகாரம் எந்தத் தெருவில் தின்னப்படுகிறது என்று விசாரிக்க வேண்டும். எல்லாத் தெருக்களுக்கும் ஒரே விடை கிடைக்கும் வரை, சம்பா கோவிலுக்குள் 1745இல் தொடங்கிய இடிப்பு வேலை முடியவில்லை என்றே கொள்ளலாம்.